பூஜைக்கு வைத்த கீபோர்டு

அத்தியாயம் 5

மூன்றாம் கேபினின் கீபோர்டு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான், கலைச்செல்வி எங்கள் கடைக்குள் நுழைந்தாள்.

சட்டை என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. பச்சையில் மஞ்சள் பூப்போட்ட பழைய சேலைத் துணியை நான்கு ஓரமும் மடித்துத் தைத்த உறை. அஷ்டமியன்று சாயங்காலம் கடையைப் பூட்டப் போகிற நேரத்தில் ஓர் அம்மா வந்து, "ரெண்டு நாளைக்கு ஒரு கீபோர்டும் எலியும் கிட்டுமா? பூஜை எடுத்ததும் தந்துருதேன்" என்று கேட்டார். கொடுத்தேன். அன்று காலை இப்படி உடுத்திக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போனார்.

திருவனந்தபுரத்தில் பூஜைவைப்பு என்றால் சின்ன விஷயம் அல்ல. அஷ்டமி சாயங்காலம் புத்தகம், பேனா, தொழில் செய்கிற கருவி எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள். எங்கள் கடையும் அந்த இரண்டு நாள் அடைப்புதான். பூஜைக்கு வைக்க வீட்டில் கருவி இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கும் காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். 2007ஆம் வருஷம் அது. எதையும் நம்பலாம்.

"ஏங்க, ஒண்ணாம் கேபின்ல ஒரு டாக்டரோட மெயில் தொறந்து கெடக்கு" என்றாள் முத்தாரம். "ப்ரவுசர் 'பாஸ்வேர்ட ஞாபகம் வச்சுக்கட்டா'ன்னு கேட்டிருக்கு. மனுஷன் சரீன்னு அமுக்கிட்டுப் போயிருக்காரு."

"மரியாதையா ஒருத்தன் கேட்டா சரீன்னுதானே சொல்லணும்? நானும் அப்பிடித்தான்."

"அதான் உங்க பாஸ்வேர்டு ஊருக்கே தெரியுது."

"எனக்கே தெரியாதே! ப்ரவுசருக்கு மட்டுந்தான் தெரியும். நான் மறந்து மூணு வருஷமாச்சு."

முத்தாரம்மாள் என் மனைவி. இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். 'ஹலோ' என்கிற ஒரு சொல்லைக் கேட்டே, அந்த வீட்டில் கல்யாணமா கடன்காரனா என்று சொல்லிவிடுவாள். விருப்ப ஓய்வு வாங்கிக் கரமனையில் நாலு கேபின் போட்டு இன்டர்நெட் கஃபே வைத்தோம். போர்டின் அடியில் அவள் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'தெரிய வேண்டியவை விசாரித்துச் சொல்லப்படும்'. அந்த வரிக்கு வந்த கூட்டம் கேபினுக்கு வரவில்லை. நான் உதவியாளன். கண்ணாடிக் கதவைத் துடைப்பது, ஆட்டோ பிடிப்பது, வேண்டாத இடத்தில் பேசுவது என் வேலைகள்.

கலைச்செல்விக்கு இருபத்து நாலு வயது இருக்கும். உட்காரவில்லை. ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும்."

"பிள்ளைக்கா?" என்றேன்.

முத்தாரம் என்னைப் பார்த்த பார்வையில் நான் கதவைத் துடைக்கத் திரும்பினேன்.

"உக்காரு மக்கா. அவரு அப்பிடித்தான். என்ன பேரு?"

"திருடனோட பேரு. என் மெயில்ல இருந்து யாரோ லெட்டர் அனுப்பிட்டாங்க. பெங்களூர்ல ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் பாதுகாப்புதான் அவங்க வேலை. ரெண்டு தடவை இன்டர்வியூ கழிஞ்சு எனக்கு வேலை தந்தாங்க. நவமியன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அந்த மெயில் வந்திருக்கு. ரெண்டு நாப்பதுக்கு, 'எனக்கு வேண்டாம்'னு என் பேர்ல பதில் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை பூஜை எடுத்துட்டு மெயில் திறந்தா ரெண்டும் சேந்து கெடக்கு."

"கம்பெனிக்குப் பேசுனியா?"

"நேத்து பேசுனேன். நான் அனுப்பலன்னு சொன்னேன். அந்த மேனேஜர், 'அடுத்தவங்க ரகசியத்தக் காக்குற வேலைக்கு உங்கள எடுக்கோம். உங்க பாஸ்வேர்டயே உங்களால காக்க முடியலைன்னா எப்படி? எப்படி நடந்தது, யார் செஞ்சதுன்னு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதுங்க. இல்லைன்னா அடுத்த ஆளக் கூப்பிடுவோம்'னுட்டாரு."

"யாருன்னு உனக்கே ஒரு எண்ணம் இருக்குல்லா?"

கலைச்செல்வி தன் கைப்பையைப் பார்த்தாள். "அனீஷ்."

அந்தப் பேரைச் சொன்ன விதத்தில் எனக்கே விஷயம் விளங்கிவிட்டது. எதிரியின் பேரை யாரும் அவ்வளவு மெதுவாகச் சொல்வதில்லை.

மலையாளிப் பையன் அனீஷும் அவளும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்கள். அவன் அதே கம்பெனியின் இங்குள்ள ஆபீசில் இருக்கிறான். அவன்தான் அவளை விண்ணப்பிக்கச் சொன்னது. மூன்று மாசத்துக்கு முன்னால் அவளுடைய பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரு தனி மென்பொருளில் போட்டுக் கொடுத்திருக்கிறான். யாரோ வெளியார் எழுதிய மென்பொருள். எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டி வைக்கும். பெட்டிக்கு ஒரே சாவி, ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்டு.

"ப்ரவுசரே ஞாபகம் வச்சுக்கிடும், இது எதுக்குன்னு கேட்டேன். 'அது போராது, இதான் நல்லது'ன்னான். பெட்டியோட நகல் ஒண்ணு அவன் பென் டிரைவ்ல இருக்கு. நான் சாவி போடும்போ எனக்குப் பின்னாலதான் நின்னான். வேற யாரக்கா?"

"அவனுக்கு எதுக்கு உன் வேலையக் கெடுக்கணும்?"

"நான் பெங்களூர் போறது அவனுக்கு மனசில்லையோ என்னவோ."

"அவன்தானே விண்ணப்பிக்கச் சொன்னான்?"

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் பேரை எழுதினால் அவன் வேலை போகும். எழுதாவிட்டால் இவள் வேலை போகும்.

"வீட்டுல உள்ளவங்க?"

"வீட்டுல யாருக்கும் தெரியாது. சொன்னா அப்பா சந்தோஷப்படுவாரு. தென்காசிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை, சார்ஜாவுல வேலை. 'வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வர்ற ஞாயித்துக்கிழமை பாக்க வாராங்க'ன்னு நிக்காரு. அந்த மாப்பிள்ளைகூட எனக்கு மெயில் போட்டிருக்காரு, சம்மதமான்னு கேட்டு. அஷ்டமியன்னைக்குச் சாயங்காலம் பூஜைக்கு முந்தி கடைசியா வாசிச்சது அதான். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன்."

"அப்பா செஞ்சிருக்கலாமே?"

"வீட்டுல இருந்து செய்யவே முடியாது அக்கா. கம்ப்யூட்டர் பூஜையில இருந்துச்சு. அஷ்டமி சாயங்காலம் அப்பாதான் சந்தனம் தொட்டு வச்சாரு. ஞாயித்துக்கிழமை காலையில நான் எடுக்கும்போ அந்தச் சந்தனம் கலையாம காஞ்சு இருந்துச்சு."

முத்தாரம் அந்தக் காகிதத்தை எடுத்தாள். அனுப்பப்பட்ட கடிதத்தின் அச்சு நகல். ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் என்மேல் காட்டிய விருப்பத்துக்கு நன்றி. எனக்குச் சம்மதம் இல்லை. எனக்காகக் காத்திராமல் வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன். அனுப்பிய போட்டோவைத் தபாலில் திருப்பி அனுப்பவும். இப்படிக்கு, உண்மையுள்ள, வ. கலைச்செல்வி.'

"ஒரு பிழை இல்ல. அழகான இங்கிலீஷ்" என்றேன். "திருடனா இருந்தாலும் படிச்ச திருடன்."

"வாசிக்காதீங்க. பாருங்க" என்றாள் முத்தாரம். காகிதத்தைத் தூரமாகப் பிடித்துக் காட்டினாள். "வரி எல்லாம் ஒரே நீளம். மெயில்ல நாம பாட்டுக்கு அடிச்சிட்டே போனா அதுவே அடுத்த வரிக்குப் போயிரும். இத எழுதின ஆளு ஒவ்வொரு வரியோட கடைசியிலயும் நிறுத்தி, தானே அடுத்த வரிக்கு எறங்கியிருக்கு. மணி அடிச்சதும் எறங்குற மாதிரி."

"எந்த மணி?"

"டைப்ரைட்டர் மணி. வரி முடியப்போகுதுன்னா 'டிங்'னு கேக்கும்லா? எக்ஸ்சேஞ்சுல நான் இருபது வருஷம் கேட்ட சத்தம்." பிறகு கலைச்செல்வியிடம் கேட்டாள். "கம்பெனிக்கு நீ போட்டோ எப்படி அனுப்புன?"

"மெயில்லதான். ஸ்கேன் பண்ணி."

"சரி" என்றாள் முத்தாரம். அவள் 'சரி' என்றால் ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டாள். "அந்தப் பையன வரச் சொல்லு."

அரை மணியில் அனீஷ் பைக்கில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் கலைச்செல்வியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"சேச்சி, சத்தியமாயிட்டு நான் ஒண்ணும் செய்யலை."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே. டைப்ரைட்டர் அடிக்கத் தெரியுமா?"

"டைப்ரைட்டரா?" அனீஷ் விழித்தான். "மியூசியத்தில கண்டிட்டுண்டு."

"கலைச்செல்வி சாவி போடும்போ நீ எங்க நின்ன?"

"அவ பின்னால. ஆனா சுவரப் பாத்துட்டு நின்னேன். பாஸ்வேர்டு போடும்போ திரும்பி நிக்கணும், அது மரியாதை. அந்தச் சுவர்ல ஒரு காலண்டர் உண்டு. அன்னைக்கு ஏகாதசின்னு போட்டிருந்தது, வேணும்னா நோக்கிக்கோங்க."

"சாவி போட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஏகாதசி, அமாவாசை, ஓணம் வரைக்கும் வாசிச்சாச்சு சேச்சி."

கலைச்செல்வியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பை விழுங்கினாள் என்று நினைக்கிறேன்.

"சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. நான் டெலிபோன்காரி, எளுப்பமா சொல்லணும். ப்ரவுசருக்கும் உன் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?"

அனீஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பயம் போய்விட்டது, பிடித்த விஷயம் கிடைத்துவிட்டது. "ப்ரவுசர் வீட்டாளு சேச்சி. கூடவே வருது, தனியா ஒண்ணும் செய்யவேண்டாம், நல்ல சுகம். பக்ஷே, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால யார் வந்து உக்காந்தாலும் கதவத் திறந்து விட்டுரும். பெட்டி வெளியாளு. கொண்டுவந்து வைக்கணும், பழகணும், கொஞ்சம் பாடுதான். ஆனா யார் வந்தாலும் சாவி கேக்கும். வீட்டுக்காரியே வந்தாலும் கேக்கும்."

"சாவி மறந்துட்டா?"

"பின்னே ஆரும் திறக்க முடியாது. நானும் முடியாது, செஞ்சவனும் முடியாது."

"அப்பம் இவருக்கு ஆகாது" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு முத்தாரம் கலைச்செல்வி பக்கம் திரும்பினாள். "மக்கா, வெளியாள வேலைக்கு வச்சியே, வீட்டாள நிறுத்துனியா?"

"என்னக்கா?"

"எல்லாத்தையும் பெட்டிக்கு மாத்துனபோ, ப்ரவுசர் ஞாபகம் வச்சிருந்தத அழிச்சியா?"

கலைச்செல்வி அனீஷைத் திரும்பிப் பார்த்தாள். அனீஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் சொன்னேனே! அழிக்கணும்னு சொன்னேனே!"

"நாளைக்கு அழிக்கலாம்னு..." என்றாள் அவள். "ஆனா அக்கா, கம்ப்யூட்டர்தான் பூஜையில இருந்துச்சே!"

"முழுசுமா?"

"இல்ல, கீபோர்டும் மவுசும். மானிட்டர யாரு தூக்குவா? ரெண்டும் இல்லாம அது வெறும் டப்பாதானே?"

முத்தாரம் எழுந்து மூன்றாம் கேபினுக்குப் போனாள். பச்சைச் சட்டை போட்ட கீபோர்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். உறையைத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இத எதுக்குக் கொடுத்தீங்க?"

"பூஜைக்குன்னு கேட்டாங்க."

"பூஜைக்குன்னு கேட்டாங்களா, பூஜை எடுத்ததும் தாறேன்னு சொன்னாங்களா?"

யோசித்தேன். "ரெண்டாவது."

"பூஜையில இருந்து வந்த சாமான்ல ஒரு பொட்டு சந்தனம் இல்ல, குங்குமம் இல்ல. நம்ம கடைச் சாமானப் பாருங்க, இன்னும் மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருக்கு. இது பூஜையில இருக்கல. வேலை பாத்திருக்கு."

துப்பறியும் நிலையத்தின் உதவியாளனே குற்றவாளிக்கு ஆயுதம் வாடகைக்குக் கொடுத்திருக்கிறான். அதுவும் வாடகை வாங்காமல்.

"ஆட்டோ பிடிங்க" என்றாள் முத்தாரம். "அனீஷ், நீ கடையப் பாத்துக்கோ. எல்லா கேபின்லயும் ப்ரவுசர் ஞாபகம் வச்சிருக்கதப் பூரா தொடச்சு வை. டாக்டரோடதையும்."

கலைச்செல்வி வீடு பாலம் தாண்டி இரண்டாவது சந்து. அப்பா வன்னியபெருமாளுக்குச் சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை, இருட்டித்தான் வருவார். கதவைத் திறந்தது அம்மா உலகம்மாள்.

நான் வாயைத் திறந்தேன். முத்தாரம் என் காலை மிதித்தாள்.

அஷ்டமி சாயங்காலம் கீபோர்டு கேட்டு வந்த அதே அம்மா. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் விளக்கு அணைந்து எரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க. யாருட்டி இவுக?" என்று மகளிடம் கேட்டார். நாங்கள் முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டோம்.

உள்ளே போனால் மிக்ஸி பச்சைச் சட்டை போட்டிருந்தது. டெலிபோன் பச்சைச் சட்டை போட்டிருந்தது. மேலே மஞ்சள் பூ. ஒரு சேலை முழுவதும் அந்த வீட்டுச் சாமான்களுக்கு உடுப்பாகியிருந்தது. இதைத் துப்பறிய முத்தாரம் தேவையில்லை, நானே போதும்.

மணி மூன்றரை. கலைச்செல்விக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. முத்தாரம் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நீங்க மாப்பிள்ளைக்கு எழுதின லெட்டர் போய்ச் சேரல."

"சேரலையா?" உலகம்மாள் பதறிவிட்டார். "நான் அனுப்புனேனே! 'போயிட்டு'ன்னு பெருசா வந்துச்சே!"

சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்தினார்.

"ம்மா!" என்றாள் கலைச்செல்வி.

"திருடன்னு தேடி வந்தோம்" என்றாள் முத்தாரம். "கம்பெனிக்கு அனுப்பின படம் கம்ப்யூட்டர்ல போனது. அதத் தபால்ல திருப்பி அனுப்புன்னு எவன் கேப்பான்? காகிதத்துல போட்டோ கொடுத்தவங்கதான் கேப்பாங்க. உன் காகிதப் போட்டோ யாருட்ட மக்கா இருக்கு?"

"மாப்பிள்ளை வீட்டுல" என்றாள் கலைச்செல்வி மெதுவாக.

"அப்பம் அந்த லெட்டர் யாருக்கு எழுதினது?"

உலகம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு வேகமாக வந்தது.

"இவ வேலைக்குப் போகணும்னு ஆசப்படுதா. அவுக மாப்பிள்ளதான்னு நிக்காக. வாயத் தொறந்து 'வேண்டாம்'னு சொல்ல இவளுக்கும் பயம், எனக்கும் பயம். அந்த லெட்டரு வந்ததும் நானே ஒண்ணு அனுப்பிருவோம்னு நெனச்சேன். சாமிக்கு வச்ச கீபோர்டத் தொட மாட்டேன். அதான் வெளியில வாங்குனேன். அண்ணாச்சிட்டதான்."

"என்னைக் காட்டிக் கொடுத்துட்டீங்களே" என்றேன்.

"நவமியன்னைக்கு எழுதலாமாம்மா?" என்று கேட்டாள் கலைச்செல்வி. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத குரல்.

"கீபோர்டத்தானே பூஜைக்கு வச்சோம். எம் விரல வைக்கலையே." உலகம்மாள் பத்து விரலையும் நீட்டிக் காட்டினார். "அவுக உறங்கிட்டாக. நீ பூஜப்புரை சரஸ்வதி மண்டபத்துக்குப் போயிருந்த. ஊதா ஒயர ஊதாவுல, பச்சைய பச்சையில சொருகுனேன். சேலைக்கு ஜாக்கெட்டு எடுக்கத் தெரிஞ்சவளுக்கு இது என்ன? உம் மெயிலத் தொறந்தா உம் பேரும் பாஸ்வேர்டு புள்ளியும் அதுவே நிக்கி. ஒரு தட்டு, உள்ள போயிட்டு."

வீட்டாள் கதவைத் திறந்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, வந்ததும் வீட்டாள்தான்.

"பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளுன்னா எந்த ஊருல இருந்தும் அனுப்பலாம்" என்றாள் முத்தாரம். "கீபோர்டு இல்லாத கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு தேடி அலையத் தேவையில்ல. பாஸ்வேர்டு தெரியாத ஆளுக்குத்தான் இந்த வீட்டுக் கம்ப்யூட்டரே வேணும். அனீஷோட பெட்டியில ஒரு கீறல்கூட இல்ல மக்கா."

கலைச்செல்வி தலைகுனிந்தாள். "ஆனா மாப்பிள்ளைக்கு எழுதினது எப்படி கம்பெனிக்கு..."

"மேல இருந்த லெட்டருக்குத்தான் பதில் போட்டேன். மொத நாளு நீ வாசிச்சுக் காட்டும்போ மேலதானே இருந்துச்சு?"

"அதுக்குப் பொறவு அதுக்கு மேல ஒண்ணு வந்துட்டும்மா! அத வாசிக்கலையா?"

"எப்படிட்டி வாசிப்பேன்?" உலகம்மாளுக்கு இப்போது அழுகையும் வந்தது. "எங் கண்ணாடி பூஜையில லெச்சுமி தோத்திரப் புஸ்தகத்துக்குள்ள மாட்டிக்கிட்டுல்லா? அத எடுக்கப்படாதே! விரலுக்குக் கண்ணாடி வேண்டாம், அடிச்சேன். கண்ணுக்கு வேணும்லா?"

நான் வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது உலகம்மாள் அழுகையை முடித்துவிட்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைப்ரைட்டிங் ஹயர் முடிச்சிருக்கேன் நான். தென்காசியில, எண்பதாம் வருஷம். ஒரு ஆபீசுல இருந்து ஆர்டரே வந்துச்சு. 'வேண்டாம்னு எழுதிப் போடு'ன்னாரு எங்கப்பா. எழுதினா கையெழுத்து நல்லாருக்காதுன்னு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் நானே டைப் அடிச்சுக் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு வந்த வேலைய வேண்டாம்னு ஒரு தப்பு இல்லாம அடிச்சேன்." மகளைப் பார்த்தார். "இப்ப உனக்கு வந்ததையும் நானே அடிச்சிட்டேனா?"

கலைச்செல்வி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மணி நாலு அஞ்சு" என்றாள் முத்தாரம். "அழுகிறதுக்கு அஞ்சுக்குப் பொறவு நேரம் உண்டு. கண்ணாடியப் போடுங்கக்கா. மகள் சொல்லட்டும், நீங்க அடிங்க."

"நானா?"

"ஒரு தப்பு இல்லாம அடிக்கத் தெரிஞ்சது உங்களுக்குத்தானே."

உலகம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதுகு நேரானது. கீழே பார்க்கவே இல்லை. விரல்கள் தங்கள் இடங்களைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டன. கலைச்செல்வி சொல்லத் தொடங்கினாள்.

"'ஐயா, கேட்ட பேர் இதோ: கலைச்செல்வி.'"

விரல்கள் நின்றன. "ஏட்டி, எம் பேரப் போடு."

"அடிம்மா. 'தவறு என்னுடையது. பாஸ்வேர்டுகளை ஒரு நல்ல பெட்டிக்கு மாற்றினேன். ப்ரவுசரில் இருந்த பழைய நினைவை அழிக்காமல் விட்டேன். புதுக் கதவைப் பூட்டிவிட்டுப் பழைய கதவைத் திறந்து வைத்தேன். அந்த வழியாக வந்தவர் என் அம்மா உலகம்மாள். அவர் வந்தது எனக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக.'"

வரி முடியும் ஒவ்வொரு தடவையும் உலகம்மாளின் இடது கை தானாக மேலே எழுந்தது. டைப்ரைட்டரில் வண்டியைத் தள்ளும் பிடி இருக்கும் இடத்துக்குப் போய், அங்கே காற்றைத் தள்ளிவிட்டு, வெட்கப்பட்டுக் கீழே இறங்கியது. அத்தனை வருஷமாக அந்தக் கை காத்திருந்திருக்கிறது. முத்தாரம் என்னை முழங்கையால் இடித்துக் காட்டினாள்.

கலைச்செல்வி முதலில் ப்ரவுசர் நினைவை அழித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றினாள். அவள் சாவி போடும்போது நாங்கள் மூன்று பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்தோம். காலண்டரில் அன்று பிரதோஷம். நாலு நாற்பதுக்குக் கடிதம் போயிற்று. இந்தத் தடவை உலகம்மாள் யாருக்குப் போகிறது என்று மூன்று தடவை வாசித்துப் பார்த்தார்.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே கால் ஆயிற்று. டெலிபோன் தன் பச்சைச் சட்டைக்குள்ளேயே இருந்தது. காப்பி வந்தது, யாரும் குடிக்கவில்லை. ஐந்து இருபதுக்கு மணி அடித்தது.

கலைச்செல்வி எடுத்தாள். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் அந்த மேனேஜர் குரல் கேட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இப்போது உங்கள் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது?

"பெட்டியில சார். சாவி என் தலையில. வேற எங்கயும் இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு. ஐந்தாம் தேதி வந்து சேரச் சொன்னார். வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டார். இந்தக் கடிதத்தில் வரிகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கின்றனவே, டைப் அடித்தது யார்?

"அம்மா" என்றாள் கலைச்செல்வி. ரிசீவரை வைத்துவிட்டு அந்தப் பச்சை உறையை ஒழுங்காகப் போட்டாள்.

"சரிட்டி, இன்னொண்ணு அடிக்கணும்லா?" உலகம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "சார்ஜாக்காரரு பாவம் காத்துக்கிட்டு இருப்பாரு. எந்த லெட்டருன்னு காட்டு."

"அப்பாவுக்கு யாரும்மா சொல்றது?"

"நாஞ் சொல்லுதேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளு சொன்னா வானம் இடிஞ்சிராது."

வாசலில் இறங்கும்போது கலைச்செல்வி கேட்டாள். "அக்கா, கடைசியில எதுதான் நல்லது? ப்ரவுசரா, பெட்டியா?"

"எது வேணும்னாலும் வை. வீட்டுல யாரெல்லாம் உக்காருவாங்கன்னு பாத்து வை. ஆனா ஒண்ண வை. ரெண்டு காவக்காரன் இருந்தா ரெண்டு பேரும் உறங்கிருவான். இப்பம் கடைக்கு வா, அந்தப் பையன்ட்ட ஒரு வார்த்தை பேசணும்லா?"

கடையில் அனீஷ் வேர்த்து விறுவிறுத்து நின்றான். கலைச்செல்வி அவனிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது; நாங்கள் திரும்பி நின்று காலண்டர் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவன் பெருமையாக வந்து சொன்னான்: "நாலு கேபினும் கிளீன் அண்ணாச்சி. உங்க மேசைக் கம்ப்யூட்டரும் தொடச்சாச்சு."

"என்னது, என்னோடதுமா?"

என் பாஸ்வேர்டுகளைத் தெரிந்த ஒரே ஜீவன் அந்த ப்ரவுசர்தான். அதைக் கொன்றுவிட்டான். கேஸ் முடிந்தது, நான் முடிந்தேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முத்தாரம் சிரித்தாள். தன் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டியைத் திறந்தாள். அவளும் அந்த மென்பொருளைத்தான் வைத்திருந்தாள், எனக்குத் தெரியாது. அதில் 'அவரு' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே என் மெயில், என் ரயில் டிக்கெட், என் கரண்ட் பில், எல்லாம் பதினொன்று. பதினொன்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அவள் பேரும் எங்கள் கல்யாண வருஷமும்.

"இத மறந்துட்டேன்னு மூணு வருஷமா பெருமை பேசுனீங்களாக்கும்" என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, பெட்டியின் சாவி என்னவென்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அதை மட்டும் நான் மறக்கவில்லை. இப்போது பெட்டியை நான்தான் திறக்கிறேன். பாஸ்வேர்டு பழசாகிவிட்டது, மாற்று, மாற்று என்று அது ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கேட்கிறது.

முதல் தடவையாக, மரியாதையாகக் கேட்ட ஒருவனிடம் முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.